ஒன்பதாம் எண் புட்டி

1.

இந்தக் கதை ஒரு கெட்டுப்போன ஆய்வின் மிச்சம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினான்கு ஓட்டக்காரர்கள், பன்னிரண்டு வாரம், ஆளுக்கு மூன்று முறை தொடையில் ஊசி என்று திட்டம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நான் தட்டச்சு செய்த வரி இது: "பங்கேற்பாளர்கள் நெறிமுறையைப் பின்பற்றாததால் தரவுகள் கைவிடப்பட்டன."

அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதைத் தட்டி முடித்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். பதினான்கு பேரையும், ஒரு சமையல்காரரையும், ஒரு டின்னையும் ஒரே வரியில் போட்டுப் புதைத்துவிட்டேனே என்ற கோபம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி அதிகம் வேண்டாம். கென்யாவின் ஈட்டென் ஊரில் பதினேழு வருடமாக ஓட்டக்காரர்களின் ரத்தத்தையும் தசைத் துணுக்கையும் எடுத்துச் சோதிக்கிறேன். நான் டாக்டர் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஊசி குத்துகிறவள் டாக்டரம்மாதான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

2.

முதல் தொடக்கம்: "கடல்மட்டத்துக்கு இரண்டாயிரத்து நானூறு மீட்டர் மேலே, செம்மண் பாதையில், பனியைக் கிழித்துக்கொண்டு மான்கள்போல..."

[அடித்துவிட்டேன். சுற்றுலா விளம்பரம். தவிர, இங்கே யாரும் மான்போல ஓடுவதில்லை. காலை ஆறு மணிக்குக் கூட்டமாகக் கிளம்பும்போது செருப்பைத் தேய்த்துக்கொண்டு பால் வாங்கப் போகிறவர்கள் மாதிரிதான் போவார்கள். அரை மணி கழித்துத்தான் கூடப்போனவனுக்கு மூச்சு முட்டும்.]

இரண்டாம் தொடக்கம்: "ஒரு தசைச் செல்லுக்குள் ஆயிரக்கணக்கான..."

[பாடப்புத்தகம். ஆனால் இதிலிருந்து தப்பிக்கவும் முடியாது. அடுத்த பகுதியில் வருகிறேன்.]

மூன்றாம் தொடக்கம்: "டல்லத்தின் சமையலறை அலமாரியில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில், மூடியில்லாத ஒரு பழைய நெய் டின் இருந்தது."

இது சரி. இது இருக்கட்டும். டல்லம் எங்கள் ஓட்டக்காரர் முகாமின் சமையல்காரர்.

3.

டின்னுக்குப் போகும் முன் உங்களைக் கொஞ்சநேரம் பள்ளிக்கூடத்தில் உட்காரவைக்கிறேன். பரீட்சை கிடையாது.

தசைச் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்ன அடுப்புகள் உண்டு. தின்றதை ஆக்சிஜன் வைத்து எரித்து, ஓடுவதற்கான சக்தியைத் தருவது அவைதான். மேட்டில் காற்று மெலிது. காற்றுப் போதாத அடுப்பு புகைவதுபோல, அங்கே கடுமையாக ஓடுகிறவரின் செல்லிலும் கூடுதலாகப் புகை கிளம்பும்.* அந்தப் புகை செல்லை அரிக்கும். ஆனால் செல்லை உசுப்பிவிடுவதும் அதே புகைதான். அடுப்பு போதவில்லை, இன்னும் கட்டு. புகைபோக்கி இல்லை, அதையும் கட்டு என்று அது விரட்டும். சில வாரங்களில் செல் தன் அடுப்புகளைப் பெருக்கிக்கொள்ளும், புகையை அடக்கும் நொதிகளையும் தானே செய்துகொள்ளும். கீழே இருந்து மேட்டுக்கு வந்து பயிற்சி எடுப்பதில் கிடைக்கும் லாபங்களில் இதுவும் ஒன்று என்கிறார்கள்.

எங்கள் கேள்வி இதுதான். வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைத் தினமும் விழுங்கினால் அவையும் புகையைத் துடைக்கும். அப்படி வெளியாள் வந்து துடைத்துக்கொண்டே இருந்தால் செல் பிழைத்துக்கொள்ளுமா, அல்லது சோம்பேறியாகிப் புகைபோக்கி கட்டாமலே இருந்துவிடுமா? உலகத்தில் இரண்டு பக்கமும் சாட்சி சொல்ல ஆளிருக்கிறது. எங்கள் பேராசிரியர் வெளிநாட்டிலிருந்து பதினான்கு புட்டிகள் அனுப்பினார். ஏழில் நிஜ மாத்திரை, ஏழில் வெறும் மாவு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எது யாருக்கு என்பது எனக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் ஒட்டிய உறைக்குள் என் மேசை இழுப்பறையில் கிடந்தது.

* இதற்கு முறையான கலைச்சொல் ஒன்று உண்டு. எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதி மறுபடி அடித்தேன். டல்லத்தின் சமையலறையில் பத்து நிமிடம் நின்றவருக்குப் புகை என்ற சொல்லே போதும்.

4.

ஜெலகாட்டை எப்படிக் கொண்டுவருவது என்று மூன்று நாள் முழித்தேன். கதாநாயகி என்றால் கொஞ்சம் நல்லவளாக இருக்கவேண்டாமா? இவள் அதற்கு ஒத்துவரமாட்டாள்.

முப்பத்திமூன்று வயது. கணவனுக்கு மொம்பாசா துறைமுகத்தில் வேலை. கல்யாணம், பிள்ளைப்பேறு என்று ஐந்து வருடம் கடற்கரையில் இருந்துவிட்டு, நாலு வயது மகன் கிகெனைத் தகப்பனிடம் விட்டுவிட்டு, பன்னிரண்டு வாரத்துக்காக ஒற்றையாக மேட்டுக்கு ஏறி வந்தவள். பன்னிரண்டாம் வார முடிவில் எல்டோரெட்டில் நாட்டு அணிக்கான தேர்வு ஓட்டம். பத்தாயிரம் மீட்டர். முதல் மூன்று பேரைத்தான் எடுப்பார்கள்.

அவள் ஏற்கெனவே இரண்டு முறை அந்தத் தேர்வில் ஓடியிருக்கிறாள். இரண்டு முறையும் நாலாவது. முகாமில் அவளைக் கிகென் அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர்கள் பாதிப்பேர். மீதிப்பேருக்கு அவள் "நாலாம் நம்பர்."

முதல் ஊசி அன்று என் மேசையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு சொன்னாள்: "இதான் கடைசி டாக்டரம்மா. அடுத்த தடவை நான் போய் நின்னா, பார்வையாளர் வாசல் அந்தப் பக்கம்னு கை காட்டுவாங்க."

அவளுக்குக் கிடைத்தது ஒன்பதாம் எண் புட்டி.

5.

ஐந்தாவது வாரம் இரண்டாம் ஊசி. பதின்மூன்று பேரின் தசையில் எல்லாம் ஏறுமுகம்: அடுப்பும் கூடியிருந்தது, புகையடக்கும் நொதிகளும் கூடியிருந்தன. மாத்திரை தின்றவர், மாவு தின்றவர் என்று இரண்டு கூட்டமாகப் பிரியவேண்டிய எண்கள் ஒரே மந்தையாக நின்றன. ஒன்பதாம் எண் மட்டும் மொம்பாசாவிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே கிடந்தது.

என் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டேன். மறுபடி ஓட்டினேன். பிறகு என்னைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் முகாமுக்கு நடந்தேன்.

டல்லம் சோளமாவைக் கொட்டி உகாலிக் களி கிண்டிக்கொண்டிருந்தார். அலமாரியில் அந்த டின். உள்ளே என் மாத்திரைகள் குவியலாக.

"டல்லம் அண்ணே, என்னது இது?"

"உங்க மாத்திரைதான் டாக்டரம்மா. மொத்தத்தையும் ஒண்ணாக் கொட்டி வச்சிருக்கேன். சாப்பாட்டுக்கு அப்புறம் ஆளுக்கு ரெண்டு."

"ஒண்ணாக் கொட்டிட்டீங்களா? ஒவ்வொரு புட்டிலயும் நம்பர் போட்டுல்ல குடுத்தேன்!"

"நம்பர் பாத்தா நான் உகாலி போடறேன்?"

வாசலில் ஷூவைக் கழுவிக்கொண்டிருந்த கிபிவோட் எழுந்து வந்தான். முகாமின் கேப்டன். அதிகம் பேசமாட்டான், பேசினால் தீர்ப்புதான்.

"நான்தான் கொட்டச் சொன்னேன். ஒரே மலைல ஓடறோம், ஒரே சட்டில திங்கறோம். இவனுக்கு ஒரு புட்டி, அவளுக்கு ஒரு புட்டின்னா அடுத்த வாரமே கேம்ப் ரெண்டாயிடும். தனியாத் திங்கறவன் தனியாத்தான் ஓடணும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கேப்டன்?"

"நீங்க கேக்கலயே. வாராவாரம் 'மாத்திரை சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டீங்க. சாப்பிட்டோம்னு சொன்னோம். அதுல பொய் இல்ல."

டல்லம் கரண்டியை ஆட்டியபடி எனக்கு ஆறுதல் சொன்னார். "ஆனா ஒண்ணு டாக்டரம்மா, நல்ல மாத்திரை. முன்னெல்லாம் புளிச்ச பால் குடிச்சா எனக்கு நெஞ்சு எரியும். இப்ப சுத்தமா இல்ல."

"நீங்க ஏன் சாப்பிட்டீங்க? உங்களுக்கா குடுத்தேன்?"

"சமைக்கிறவனை விட்டுட்டுத் திங்கிற வழக்கம் இந்த ஊர்ல இல்லியே."

வைட்டமினுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் என்ன சம்பந்தம்? டின்னைக் கிளறிப் பார்த்தேன். குவியலுக்குள் அங்கங்கே கொஞ்சம் பெரிதாக, நடுவில் கோடு போட்ட வெள்ளை மாத்திரைகள். பேருந்து நிலைய மருந்துக்கடையில் கிடைக்கும் நெஞ்செரிச்சல் மாத்திரை. யாரோ தன் புட்டியை ஒளித்துவைத்துக்கொண்டு, பதிலுக்கு இதை டின்னில் கொட்டியிருக்கிறார்கள்.

6.

[யார் அது என்பதை இரண்டு பக்கம் இழுத்துத் துப்பறியும் கதையாக்க ஆசைதான். தலைப்பிலேயே ஒன்பதாம் எண் என்று போட்டுவிட்ட பிறகு உங்களிடம் என்ன மறைப்பது?]

அடுத்த நாள் நீண்ட ஓட்டம் முடித்துவிட்டு, கேரியோ பள்ளத்தாக்கு தெரியும் விளிம்பில் ஜெலகாட் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"டின்னுல நெஞ்செரிச்சல் மாத்திரை போட்டது நீதானே?"

முதலில் சிரித்தாள். "டல்லம் அண்ணனுக்குக் குணமாயிடுச்சாமே?"

"சிரிக்காத ஜெலகாட்."

"சரி, சிரிக்கல. நான்தான். ரெண்டு தடவை நாலாவதா வந்தவ நான். எனக்குன்னு குடுத்த மருந்தைப் பதினஞ்சு வாய்க்குப் பங்கு போட்டா எனக்கு என்ன மிஞ்சும்? அந்த மூணாவது வந்தவளைக் கேளுங்க, அவ எதையாவது பங்கு போட்டாளான்னு."

புட்டியை எங்கே வைத்திருந்தாள் தெரியுமா? மொம்பாசாவிலிருந்து ஞாபகத்துக்குக் கொண்டுவந்த மகனின் காலுறைக்குள். இதை எழுதும்போது அவள்மேல் கோபப்பட முயன்றேன். முடியவில்லை.

அன்று பேராசிரியரைத் தொலைபேசியில் பிடித்தேன். ஆய்வு போச்சு என்றார். ஆனாலும் கடைசி ஊசி முடியும்வரை யாரிடமும் எதுவும் சொல்லக்கூடாது, உறையைத் தொடக்கூடாது, விதி விதிதான் என்றார். கடைசி ஊசி தேர்வு ஓட்டத்துக்கு மறுநாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் ஏழு வாரம் அவள் விழுங்கிக்கொண்டே இருப்பாள். விதியின் அருமை எனக்குத் தெரியும். பதினேழு வருடத்தில் ஒரு உறையைக்கூட முன்கூட்டி உடைத்ததில்லை.

உடைத்தேன். ஒன்பது: நிஜம். நேராக அவளிடம் போய்ச் சொன்னேன். அடுப்பு, புகை, புகைபோக்கி எல்லாவற்றையும்.

கேட்டு முடித்தவள் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.

"அப்ப, பாதி மாவு தின்னவங்க அடுப்பு கட்டிட்டாங்க. முழுசாத் தின்ன நான் ஏமாந்தேன்."

"அப்படி உறுதியாச் சொல்லமுடியாதும்மா. ஒரே ஒருத்தியை வச்சு..."

"எதைத்தான் நீங்க உறுதியாச் சொல்வீங்க?"

"உன் தொடைல அடுப்பு கூடல. அது உறுதி."

"ஏழு வாரம் போதுமா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா முடியாதுன்னு அர்த்தம் இல்லல்ல?" என்றாள். எழுந்து, பின்பக்கம் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

7.

இந்தப் பகுதியின் முதல் வரைவில் ஜெலகாட் சத்தம்போடாமல் மாத்திரையை நிறுத்துகிறாள். யாருக்கும் தெரியவேண்டாம், நிறுத்தினால் போதும் என்று நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். எழுதியதை அவளுக்கு சுவாஹிலியில் படித்துக் காட்டியபோது எரிந்து விழுந்தாள்.

"நான் சட்டிக்கு முன்னால நின்னு சொன்னது எங்க? என்னைக் காப்பாத்தறியா? உன் கதைல நான் கோழையா?"*

ஆகவே நடந்தபடியே எழுதுகிறேன். அன்று சாப்பாட்டு நேரம். எல்லோரும் உகாலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவள் வந்து நடுவில், கீரைக்குப் பக்கத்தில், புட்டியை வைத்தாள்.

"இது என்னோடது. டின்னுல போடல. தனியாத் தின்னேன். டின்னுல போட்டது வயித்து மாத்திரை."

கிபிவோட் கையிலிருந்த உருண்டையை மென்று விழுங்கி முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"எத்தனை வாரம்?"

"அஞ்சு."

"நாங்க முறை வச்சு முன்னால ஓடறது எதுக்கு? காத்து ஒருத்தர் மேலயே அடிக்கக்கூடாதுன்னு. அஞ்சு வாரம் நீ தனியாத் தின்ன. இனி தேர்வு வரைக்கும் ஏழு வாரமும் நீயே முன்னால ஓடு. ஒருத்தரும் மாத்தி விடமாட்டோம்."

"சரி."

"அப்ப என் நெஞ்செரிச்சல்?" என்றார் டல்லம் பரிதாபமாக.

முதலில் சிரித்தது கிபிவோட்தான். "உட்காரு நாலாம் நம்பரு. உகாலி ஆறுது," என்று நகர்ந்து இடம் விட்டான்.

மிச்ச மாத்திரைகளை டல்லம் கோழிகளுக்குப் போட்டுவிட்டதாகப் பிறகு தெரிந்தது. கோழிகளின் தசையை நான் சோதிக்கவில்லை.

* கவனித்திருப்பீர்கள், "டாக்டரம்மா" போய் "நீ" வந்துவிட்டது. கதை எழுதத் தொடங்கிய பிறகு எனக்குக் கிடைத்த பதவி இறக்கம் அது. எனக்குப் பிடித்திருக்கிறது.

8.

கிபிவோட்டின் தீர்ப்பு கதைக்கென்றே தைத்த சட்டைபோல இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. கொஞ்சம் கலைத்துப் போடலாமா என்று பார்த்தேன். ஆனால் அந்த ஏழு வாரமும் நான் சைக்கிளில் பின்னால் போனேன், பார்த்ததை எப்படிக் கலைப்பது?

வியாழக்கிழமைகளில் ஒரு நிமிடம் பாய்ச்சல், ஒரு நிமிடம் தளர்ச்சி என்று மாறிமாறி ஐம்பது நிமிடம் ஓடுவார்கள். மேடும் பள்ளமுமாகப் பாதை. முதல் வாரம் ஆண்கள் அவள் குதிகாலை மிதித்துக்கொண்டே வந்தார்கள்.

"நாலாம் நம்பரு, முன்னால போறியே, மத்த மூணு பேரு எங்க?"

"பின்னால பேசிக்கிட்டு வருதுங்க," என்றாள் திரும்பாமல்.

மூன்றாவது வாரம் ஏற்றத்தில் ஒதுங்கி வாந்தி எடுத்தாள். கூட்டம் நிற்கவும் இல்லை, தாண்டவும் இல்லை. அவள் வாயைத் துடைத்துக்கொண்டு முன்னால் வரும்வரை எல்லோரும் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு காட்சிக்காகக் கிபிவோட்டின் எல்லாத் திமிரையும் மன்னித்தேன்.

ஆறாவது வாரம் ஒரு மாற்றம். பின்னாலிருந்து கேலி வருவது நின்றுபோனது. மனம் திருந்தியதால் அல்ல, மூச்சு இல்லாததால். அறிவியலில் இதற்கு மதிப்பில்லை. இருந்தாலும் என் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிவைத்தேன்: "இன்று யாராலும் பேசமுடியவில்லை."

9.

எல்டோரெட். இருபத்தைந்து சுற்று. முகாமிலிருந்து எல்லோரும் வந்திருந்தோம். டல்லம் சட்டியைக் கழுவாமலே வந்திருந்தார்.

இருபது சுற்றுவரை அவள் கூட்டத்தோடு கூட்டமாக இருந்தாள். இருபத்திரண்டில் முன்னே இரண்டு பேர் கழன்று போய்விட்டார்கள். அவர்களை இனிப் பிடிக்கமுடியாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது மூன்றாவதாக இருபது வயதுப் பெண் ஒருத்தி. அவளுக்கு நாலு அடி பின்னால், நாலாவதாக, ஜெலகாட்.

கிபிவோட் என் தோளைப் பிடித்திருந்தான். மறுநாள் பார்த்தால் அவன் விரல்கள் நீலமாகப் பதிந்திருந்தன. "நாலாம் நம்பர்" என்று இத்தனை நாள் கத்தியவன் அன்று "கிகென் அம்மா! கிகென் அம்மா!" என்று அலறினான்.

கடைசி வளைவு. நாலு அடி இரண்டானது. நேர்பாதைக்கு வந்ததும் எதிர்க்காற்று. அவள் ஒளிந்துகொள்ளாமல் வெளிப்பக்கம் விலகி, காற்றுக்கு முகத்தைக் கொடுத்து, நூறு மீட்டர் இருக்கும்போது அந்தப் பெண்ணின் தோளுக்குச் சரியாக

10.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவில் அவள் மூன்றாவது. டல்லம் தடுப்பைத் தாண்டிக் குதிக்கிறார். நான் அழுகிறேன்.

இரண்டாம் முடிவில் மறுபடியும் நாலாவது. கிபிவோட் தண்ணீர்ப் புட்டியோடு போய்ப் பக்கத்தில் உட்காருகிறான். அதிலும் நான் அழுகிறேன்.

இரண்டில் ஒன்று நடந்தது. இரண்டையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். என் ஆய்வுக்கூடத்து முக்காலியில் உட்கார்ந்து, சர்க்கரை போதவில்லை என்று முணுமுணுத்தபடி டீ குடித்துக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டும் வேணாம்."

"ஏம்மா? ஒண்ணு நடந்ததுதானே?"

"ஜெயிச்சேன்னு எழுதினா, மாத்திரையை விட்டதால ஜெயிச்சான்னு சொல்வாங்க. தோத்தேன்னு எழுதினா, மாத்திரை தின்னதால தோத்தான்னு சொல்வாங்க. ரெண்டுலயும் மாத்திரைதான் ஓடுது. நான் எங்க ஓடறேன்?"

"காத்துல ஓடினதும் சேர்ந்திருக்கலாம்னு நான்..."

"நீதானே சொன்ன, ஒருத்தியை வச்சு எதையும் உறுதியாச் சொல்லமுடியாதுன்னு? அப்ப சொல்லாத."

பதினேழு வருடமாக மற்றவர்களுக்கு நான் நடத்திய பாடம். எனக்கே திருப்பி நடத்திவிட்டாள்.

"படிக்கறவங்க கேப்பாங்களே ஜெலகாட். மூணா, நாலான்னு. என்னைத் திட்டுவாங்க."

அவள் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தாள்.

"கேக்கறவங்களை வியாழக்கிழமை காலைல ஆறு மணிக்கு ரோட்டுக்கு வரச்சொல்லு. யார் முன்னால ஓடறான்னு பாத்துக்கட்டும்."

அந்த ஏழு வாரத் தண்டனை முடிந்து மூன்று வாரமாகிறது. பன்னிரண்டு வாரத்துக்கென்று வந்தவள் இன்னும் மேட்டில்தான் இருக்கிறாள். போதும், இனி முறை வைத்துக்கொள்வோம் என்று கிபிவோட் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டான். அவள் காதில் வாங்கவில்லை.

ஒன்பதாவது பகுதியின் கடைசி வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. உங்களுக்கு வேண்டுமானால் முடித்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டர்தான், பதினாறு பதினேழு நொடி. அவள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான், அந்த நூறு மீட்டரில் மாத்திரையை ஓடவிடாதீர்கள்.

நாளை வியாழன். சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்துவிட்டேன்.